துப்பாக்கிக் கட்டைக்கு எது பொருந்தும்: ஆளிவிதை எண்ணெயா, டங் எண்ணெயா, வார்னிஷா?

கடையம் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த அப்பாவிடமிருந்து, உரிமத்தை முறைப்படி மாற்றிக்கொண்டு நான் பெற்ற 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியின் வால்நட் கட்டை, அதாவது தோளில் பதித்துப் பிடிக்கும் மரப்பகுதி, பழைய வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, கைபடும் இடமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. பாலியூரித்தேன் வார்னிஷ், டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய், பெயின்ட் கடைகளில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டால் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்து, ஆளிவிதை எண்ணெயையே தேர்ந்தெடுத்தேன்.

தண்ணீரைத் தடுப்பதில் வார்னிஷே முதலிடம். டங் எண்ணெயும் ஆளிவிதையைவிட ஈரத்தைத் தாங்கும். அந்த அளவுக்கு மஞ்சளிக்கவும் செய்யாது. ஆனால் நண்பர் ஒருவரின் ஏர் ரைபிளுக்கு மட்டுமே அதைப் பூசியிருக்கிறேன், அதுவும் ஒரே ஒரு சாரல் பருவத்தைத்தான் கண்டிருக்கிறது என்பதால், அதன் நெடுநாள் உழைப்பைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

என் முடிவுக்குக் காரணம் பழுதுபார்க்கும் வசதிதான். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் மீட்டு வரும் நமக்கு, ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரு கீறலாவது விழாமல் இருப்பதில்லை. வார்னிஷ் மரத்தின் மேல் படலமாக நிற்பது. கீறல் வழியே ஈரம் அடியில் புகுந்தால் அந்த இடம் வெளுத்து உரியத் தொடங்கும், அங்கே மட்டும் புதிதாகப் பூசினால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும், கடைசியில் முழுவதையும் சுரண்டித்தான் ஆகவேண்டும். எண்ணெயோ மரத்துக்குள் இறங்கியிருப்பதால், 400-ஆம் எண் உப்புத்தாளை அதே எண்ணெயில் நனைத்துக் கீறலின் மேல் மென்மையாகத் தேய்த்துத் துடைத்துவிட்டால், இரண்டு நாளில் அந்த இடம் மற்ற இடத்தோடு கலந்துவிடுகிறது. பிரிட்டிஷ் படையினர் தங்கள் லீ என்ஃபீல்டு ரைபிள்களின் கட்டைகளை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தே பேணினார்கள் என்பதும் எனக்குத் தெம்பளித்தது.

முதல் முறை ஐப்பசி மழையில், அவசரப்பட்டுக் கனமாகப் பூசிவிட்டேன். ஒரு வாரம் கழித்தும் பிசுபிசுத்ததால் டர்பன்டைன் விட்டு அத்தனையையும் துடைத்தெடுக்க நேர்ந்தது. இந்த எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது. கனமாகப் பூசினால் மேலே ஆடை கட்டி உள்ளே பச்சையாகவே நிற்கும். ஆகவே இப்போது பங்குனி, சித்திரை வெயில் காலத்தில், குழலையும் இயந்திரப் பகுதியையும் கழற்றி வைத்துவிட்டு, சில துளிகளை மட்டும் உள்ளங்கையில் விட்டுச் சூடு ஏறத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நாளுக்கு ஒரு பூச்சாக எட்டுப் பூச்சு கொடுக்கிறேன். தோளில் பதியும் முனையின் தகட்டைக் கழற்றி, அடியிலிருக்கும் வெட்டுமுகத்துக்கும் தவறாமல் பூசவேண்டும். ஈரம் அதிகம் உறிஞ்சுவது அந்த இடம்தான். ஊரில் பலரும் சொல்லும் தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் இறுகாது, தூசியைத்தான் சேர்க்கும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. இறுகும்போது எழும் வெப்பம் சுருளுக்குள் தேங்கி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், முற்றத்தில் விரித்துப்போட்டு நன்றாக விறைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.