பிகினி தீவு ‘ஊருக்குத் திரும்பலாம்’ செக்கப்: என் ரேட்டிங்

மொதல்லயே சொல்லிடுறேன், இது போய் தங்கிட்டு வந்து எழுதுற ரிவ்யூ இல்ல, பிகினி இருக்கிற பசிபிக் கடல் மார்ஷல் தீவுகள் பக்கம் நான் போனதே கிடையாது. ரிப்போர்ட்டா படிச்சதுல வந்த கடுப்பு, அவ்ளோதான்.

1946ல அமெரிக்கா 167 பேர பிகினிலருந்து கெளப்பி விட்டுட்டு, 1958 வரைக்கும் அங்க 23 அணுகுண்டு வெடிச்சுப் பாத்துச்சு. 1954ல போட்ட பிராவோங்கிற ஒரு குண்டு மட்டுமே 15 மெகாடன், அதாவது ஒன்றரை கோடி டன் வெடிமருந்துக்கு சமம். அப்புறம் 1968ல ஜனாதிபதி ஜான்சனே, இனிமே ஊருக்குத் திரும்பலாம்னு அறிவிச்சாரு, குப்பைய அள்ளி தென்னங்கன்னு நட்டு வீடு கட்டி கொடுத்தாங்க, 70கள் ஆரம்பத்துல கொஞ்சம் குடும்பம் நம்பி போயிடுச்சு. இந்த சர்வீஸுக்கு 1 ஸ்டார், அதுக்கு கீழ போட வழியில்லாததால.

ஏன்னா கதிர்வீச்சு அங்க காலுக்கு அடியில இருந்து வர்றத விட சாப்பாட்டுல தான் ஜாஸ்தி வருது. பவள மண்ணுல பொட்டாசியம் ரொம்ப கம்மி, குண்டு வெடிச்சதுல மண்ணுல தங்கிட்ட சீசியம்ங்கிற கதிரியக்கப் பொருள புடிச்சு வெக்க களிமண்ணும் கிடையாது, அதனால தென்னை பொட்டாசியம்னு நெனச்சு சீசியம்-137ஐ உறிஞ்சி எளநீ வரைக்கும் ஏத்திடுது. தேங்கா இல்லாம ஒரு வேள சமையல் நடக்குமா, நீங்களே சொல்லுங்க! கூத்து என்னன்னா 1975ல ஒழுங்கா ஒரு சர்வே எடுங்கன்னு அந்த ஜனங்களே அமெரிக்க அரசு மேல கேஸ் போட வேண்டியதாச்சு. ஒடம்புல சீசியம் ஏறிட்டே போகுதுன்னு தெரிஞ்சு 1978ல திரும்பவும் கப்பல் ஏத்திட்டாங்க, கிட்டத்தட்ட 140 பேர்.

1998ல சர்வதேச அணுசக்தி முகமை கொடுத்த ரிப்போர்ட் வேற ரகம், உருப்படியான வேல. தீவுல நடக்கலாம், தங்கிட்டுப் போகலாம், ஆனா உள்ளூர் சாப்பாடு மட்டுமே சாப்ட்டா வருஷத்துக்கு சுமார் 15 மில்லிசீவர்ட் (ஒடம்பு வாங்குற கதிர்வீச்ச அளக்குற அலகு), கடையில வாங்குறதும் கலந்து சாப்ட்டா சுமார் 4, இப்ப இருக்கிற நெலமைல நிரந்தரமா குடியேறாதீங்கன்னு நேரா சொல்லிட்டாங்க. (இயற்கையா நமக்கெல்லாம் வர்றது உலக சராசரி 2.4.) அவங்க சொன்ன வைத்தியம் தான் எனக்கு ரொம்ப புடிச்சுது, பொட்டாஷ் உரம்! நாம தென்னைக்கு போடுற அதே சரக்கு. பொட்டாசியம் வேணுங்கிற அளவு கெடச்சா மரம் சீசியத்த பெருசா எடுக்காது, பத்துல ஒரு பங்கு அளவுக்கு கொறஞ்சிடுது. வீட்ட சுத்தி மட்டும் மேல்மண்ண எடுத்துட்டா போதும், தீவு முழுக்க சுரண்டினா இருக்கிற கொஞ்சநஞ்ச நல்ல மண்ணும் போயிடும்.

இன்னொரு நல்ல விஷயம், ஒடம்புல எவ்ளோ சீசியம் இருக்குன்னு அளக்க நாற்காலி மாதிரி ஒரு மெஷின அப்புறம் பக்கத்து தீவுகளான ரொங்கெலாப்லயும் எனிவெடாக்லயும் வெச்சாங்க, கால் மணி நேரம் உக்காந்தா போதும்.

98 ரிப்போர்ட்டுக்கு 4 ஸ்டார். ஒண்ண ஏன் கொறச்சேன்னா, உரம் போட்டா சரியாயிடும்னு பேப்பர்ல படிக்க நல்லாத்தான் இருக்கு, ஏற்கனவே ஒரு தடவ சர்ட்டிபிகேட் வாங்கி ஏமாந்தவங்க கிட்ட போய் மறுபடி எளநீ வெட்டி நீட்டினா யாருங்க வாங்கி குடிப்பாங்க?