மிஸ்ஸியா, பராமரிப்பாளரா, பாமசியா? மலையகத்தில் மீண்டும் படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்பவர், ஹட்டன் டவுனில் பாமசி கவுண்டரில் நிற்பவர், கொழும்பில் ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர், தனியார் வைத்தியசாலையில் உதவியாளராக இருப்பவர் என்று பலரும் "எந்த கோர்ஸ் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: படித்து முடித்ததும் உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? மிஸ்ஸி, அதாவது தாதியர் என்றால் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை தாதியர் சபை. மருந்தாளர், மருத்துவமாது என்றால் இலங்கை மருத்துவ சபை. பராமரிப்பாளருக்கு இப்படியான பதிவேடு கிடையாது. கையில் கிடைப்பது என்விகியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். "நர்சிங் டிப்ளோமா" என்று பலகை மாட்டிய எல்லா இடமும் உங்களைத் தாதியர் சபையின் வாசலுக்குக் கொண்டுபோய்விடாது. பணம் கட்டும் முன் சபையிடமே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

வயது இடம் கொடுத்தால், அரச தாதியர் டிப்ளோமாவுக்கு நிகரான பாதை மலையகத்தாருக்கு வேறு இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. மூன்று ஆண்டுப் பயிற்சி, அந்தக் காலத்தில் கொடுப்பனவு, முடித்ததும் அரச நியமனம். கண்டியிலும் பதுளையிலும் தாதியர் கல்லூரிகள் உள்ளன. ஆனால் வாசல் குறுகியது. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும், வயதெல்லை 28. எந்த ஆண்டின் பெறுபேறு ஏற்கப்படும் என்பதையும் வர்த்தமானிதான் சொல்லும், அந்த வர்த்தமானி இன்ன மாதத்தில் வரும் என்ற நிச்சயமும் இல்லை.

கலைப் பிரிவில் படித்துவிட்டு வேலைக்கு வந்த 24 வயதுப் பிள்ளை ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் படித்து எழுத இரண்டு ஆண்டு. பெறுபேறு, வர்த்தமானி, நேர்முகம் என்று குறைந்தது இன்னும் ஓர் ஆண்டு. அதற்குள் 27 ஆகிவிடும். முதல் தடவை ஒரு பாடத்தில் தவறினால் மீண்டும் எழுத நேரம் இருக்காது. ஆகவே 24ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 26 வயதில் இதைத் தொடங்கச் சொல்லி ஊக்கம் கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் பெரும்பாலும் உயிரியலில் விழுவதில்லை. வாசித்து மனதில் ஏற்றக்கூடியது என்பதால் அதிலேயே மாதக்கணக்கில் இருந்துவிட்டு, இரசாயனவியலின் மூல் கணக்கையும் பௌதிகவியலையும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அங்கேதான் விழுகிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. விகிதம், சுட்டி, மடக்கை ஆகியவற்றைச் சாதாரண தரப் புத்தகத்தை எடுத்து முதல் இரண்டு மாதத்தில் மீட்டுக்கொண்டால்தான் பின்னால் கை ஓடும்.

இதே மூன்று பாடங்களில் நல்ல இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடமும் திறந்திருக்கும். அங்கே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிரியக்கவியல் ஆகியவை நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புகள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு; நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் மூன்று தடவைக்கு மேல் எழுதிய பெறுபேறு பல்கலைக்கழகத்துக்கு எடுபடாது. பழைய முயற்சிகளையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு வழி மருத்துவமாதுப் பயிற்சி, அதாவது குடும்பநல உத்தியோகத்தர் பதவி. காலம் 18 மாதம். தாதியர் டிப்ளோமாவில் பாதி. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் ஏறி இறங்கும் களவேலை இது. கர்ப்பிணித் தாயிடம் தமிழில் பேசி, இரும்புச்சத்து மாத்திரையை ஏன் தேநீரோடு விழுங்கக் கூடாது என்று விளக்கக்கூடியவர்கள் தோட்டங்களுக்கு மிகவும் தேவை. வார்ட்டைவிட ஊர்ச் சனத்தோடு பழகுவதை விரும்புகிறவருக்கு இதையே முதலில் சொல்வோம்.

வயது தாண்டியவர்களுக்கு மீதமிருப்பவை பாமசியும் பராமரிப்பும். இரண்டில் எது?

பாமசிக்குப் பெறுமதி சட்டத்தால் வருகிறது. பதிவு பெற்ற மருந்தாளர் இல்லாமல் பாமசி நடத்த முடியாது. வெளிவாரி வழியில் வருபவர் மருத்துவ சபையில் பயிலுநராகப் பதிந்து, பதிவு பெற்ற மருந்தாளரின் கீழ் பயிற்சி எடுத்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் பரீட்சையில் தேற வேண்டும். இங்கே பலருக்கு நேரும் இழப்பு ஒன்றுதான்: பயிலுநராகப் பதியாமலே கவுண்டரில் வருடக்கணக்காக நிற்பது. பதிவுக்கு முந்திய அனுபவம் கைக்கு உதவும், கணக்கில் சேராது. தேவையான கல்வித் தகைமையை மருத்துவ சபையிடம் விசாரித்து, தகுதி இருந்தால் இந்த வாரமே பதியுங்கள். உங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு: 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம். வேளைக்கு வேண்டியது 180 மில்லிகிராம், ஆகவே 7.5 மில்லிலீட்டர். இதைத் தாளில் பிழையின்றிப் போட முடிகிறவர் பரீட்சைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பராமரிப்பாளர் என்விகியூ மட்டம் 3, 4 பாதை வேகமானது, செலவு குறைந்தது, அனுபவத்தை மதிப்பது. ஏற்கெனவே அந்த வேலையைச் செய்தவர் முன்கற்றல் அங்கீகாரம் வழியாக, முழுப் பாடநெறியும் படிக்காமலே மதிப்பீட்டுக்குப் போகலாம். அதற்குச் சான்றுக் கோவை வேண்டும்: வேலை கொடுத்தவரின் கடிதம், செய்த பணிகளின் விபரம், காலம். "நன்றாக வேலை செய்தார்" என்ற கடிதம் உதவாது. படுக்கையில் உடல் துடைத்தது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தது, இரத்த அழுத்தம் எடுத்துக் குறித்தது என்று பணி பணியாக எழுதச் சொல்லுங்கள். மதிப்பீட்டில் செய்துகாட்டும்போது பழக்கதோசம் காலை வாரும். கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை நோயாளியின் பலமான பக்கம் சற்றுச் சாய்வாக வைத்து, இரண்டு பிரேக்கையும் போட்டு, கால்தாங்கியை மடக்கிய பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும். வீட்டில் தூக்கிப் பழகியவர் நேரே தூக்கப் போவார்.

படிக்கப் போகும் நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடநெறி என்விகியூவுக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

இந்தச் சான்றிதழ் உங்களைத் தாதியாக்காது. எத்தனை வருடம் வேலை செய்தாலும் அதிலிருந்து தாதியர் சபைக்கு நேரடி ஏணி இல்லை. 22 வயதில் இதை எடுத்துக்கொண்டு உயர்தரத்தைக் கைவிடுவது நட்டம். 31 வயதில் இதுவே நல்ல தெரிவு. ஜப்பான் போக நினைப்பவர் அடிப்படை ஜப்பான் மொழி, பராமரிப்புத் திறன், பராமரிப்புக்கான மொழி என மூன்று பரீட்சை தேற வேண்டும். இப்படிப் போகிறவருக்கு ஜப்பான் தரும் 'குறித்த திறன்' வேலை விசாவில் பொதுவாக ஐந்து ஆண்டு. அதற்குள் அந்நாட்டின் பராமரிப்பாளர் தேசியப் பரீட்சையில் தேறினால் தொடர்ந்தும் இருக்க வழி உண்டு.

எந்தப் பாதையானாலும் சிங்களத்தை ஒத்திப்போடாதீர்கள். கண்டி, பதுளை வார்ட்டுகளில் பேச்சு சிங்களத்தில் நடக்கும். அரச நியமனம் பெற்றவர் இரண்டாம் அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும்.

வேலையை விடும் திகதியைப் பார்த்து வையுங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு பூர்த்தியானால், நீங்களாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். நாலே முக்கால் ஆண்டில் விலகுவது வீண் இழப்பு. ஊழியர் சேமலாப நிதியைப் படிப்புச் செலவுக்கு நம்ப வேண்டாம். இடையில் எடுக்கக்கூடிய 30 வீதம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே வைத்துப் பாருங்கள். தோட்டப் பிறப்புப் பதிவுகளில் எழுத்துப் பிழை ஏராளம். திருத்தம் பிரதேச செயலகத்தில் மாதக்கணக்கில் இழுபடலாம், வர்த்தமானியோ விண்ணப்பிக்கச் சில வாரம்தான் தரும்.