பெரிய ஹால் கண்காட்சியா, கிரேட் 9 பிள்ளைகளுக்கு ஓர் எலெக்ட்ரீஷியனா?

மின்சாரத் துறையில் என்னென்ன வேலை இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சில வழிகள் இருக்கின்றன. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது பார்த்துவிட்டேன். அடுத்த வருடம் பஸ் காசை எதில் போடலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். என் ஓட்டு உள்ளூர் எலெக்ட்ரீஷியனைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிடுவதற்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பெரிய ஹாலில் நடக்கும் படிப்பு, வேலை வழிகாட்டிக் கண்காட்சி. பல்கலைக்கழகம், டிவெட் என்ற தொழிற்கல்விக் கல்லூரி, பர்சரி என்ற படிப்பு உதவித்தொகை கொடுப்பவர்கள் என எல்லாரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், அது பெரிய வசதிதான். ஆனால் அங்கே கூட்டிப்போவது பெரும்பாலும் மெட்ரிக், அதாவது கடைசி வருடமான கிரேட் 12 பிள்ளைகளை. போன வருடம் எங்களோடு வந்த ஒரு பெண், மின் பொறியியலுக்கான பர்சரி படிவத்தை வாங்கி அங்கேயே நின்றபடி நிரப்ப ஆரம்பித்தாள். பாடங்கள் என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. மேத்தமேட்டிக்ஸ், பிசிக்கல் சயன்ஸ் இரண்டும் கட்டாயம் என்று போட்டிருந்தது, அவள் படித்துக்கொண்டிருந்தது மேத்ஸ் லிட்டரசி, அதாவது அன்றாடக் கணக்கு சொல்லித்தரும் சுலபமான பாடம். மார்க் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்தது. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டவள், வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த நாட்டில் கிரேட் 10 போகும்போதே மேத்ஸா, மேத்ஸ் லிட்டரசியா என்று முடிவு செய்தாக வேண்டும், அதாவது 14, 15 வயதில். கதவு மூடி மூன்று வருடம் ஆன பிறகு அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோமே என்று எனக்கு அன்றைக்கு நெஞ்சு வலித்தது.

அடுத்தது, மின்நிலையத்துக்கே கூட்டிப்போவது. பார்த்த பிள்ளை மறக்காது, அதில் சந்தேகமே இல்லை. இங்குலாவை எடுத்துக்கொள்ளுங்கள்: லேடிஸ்மித் பக்கம் மலைமேல் ஓர் அணை, கீழே ஓர் அணை, நடுவில் நிலத்துக்கடியில் நான்கு இயந்திரங்கள். மின்சாரத் தேவை குறைவாக இருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவை ஏறும்போது கீழே விட்டு 1,332 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். ஆனால் டர்பனிலிருந்து போக மட்டும் 230 கிலோமீட்டருக்கு மேல், விடிவதற்கு முன்னால் கிளம்பினால் இரவில்தான் வீடு. கூபெர்க் அணுமின் நிலையம் இன்னும் மோசம், கேப் டவுன் தாண்டி இருக்கிறது. ஒரு பஸ் வாடகைக்கு 40, 50 பேர் பார்க்கலாம், மீதிப் பேர் படம்தான் பார்க்க வேண்டும். இத்தனை தூரம் போகாமலே கிளேர் எஸ்டேட்டில் பிசசார் ரோடு குப்பைமேடு இருக்கிறது. அந்தக் குப்பையிலிருந்து வரும் மீத்தேனை எரித்து மின்சாரம் எடுத்த இடம் அது. அதை மூடச் சொல்லிப் பல வருடம் போராடிய மக்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் ஒரே காலையில் கேட்கலாம், இப்படி ஒரு பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

எஸ்காம் எக்ஸ்போ ஃபார் யங் சயின்டிஸ்ட்ஸ் என்ற பள்ளி அறிவியல் கண்காட்சியும் இருக்கிறது, வட்டார அளவில் நடந்து தேசிய அளவுக்குப் போகிற நல்ல போட்டி. ஏற்கனவே அறிவியலில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அதைவிட நல்ல மேடை இல்லை. என் கவலை, ஆர்வம் இருப்பதே தனக்குத் தெரியாத பிள்ளையைப் பற்றி.

சரி, எலெக்ட்ரீஷியனுக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில் கிரேட் 8, 9 பிள்ளைகள், பின்வரிசையில் அம்மா அப்பாக்கள். வந்த அண்ணன் தன் பேக்கி வண்டியிலிருந்து ஒரு கெட்டிலையும் எக்ஸ்டென்ஷன் வயரையும் மட்டும்தான் இறக்கினார். வயரின் மேல்தோலை ஒரு சாண் நீளத்துக்கு உரித்து, உள்ளே இருக்கும் வயர்களைப் பிரித்து வைத்திருந்தார். கெட்டிலைப் போட்டுவிட்டு, மின்சாரம் போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்து, வயருக்குள் ஓடும் மின்சாரத்தை வெளியிலிருந்தே அளக்கும் கிளாம்ப் மீட்டரால் கவ்வினார்: பூஜ்யம். ஒன்றை மட்டும் கவ்வினார்: 8.6 ஆம்பியர். தண்ணீர் கொதிக்கிறது, மீட்டர் ஏன் பூஜ்யம் காட்டியது என்று கேட்டார். மண்டபமே அமைதி. முன்வரிசையில் ஒரு சின்னப் பையன், "போனது அப்படியே திரும்பி வருது, அதான்" என்றான். அந்த இரண்டும் சமமாக இல்லை என்றால் எங்கேயோ கசிகிறது, அதைக் கண்டுபிடித்துத்தான் உங்கள் வீட்டு எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுகிறது என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் கேள்வி எல்லாம் பின்வரிசையிலிருந்து. மெரிபேங்க்கிலிருந்து வந்த ஒரு அப்பா, இந்த வேலை நிலைக்குமா என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அவர் பகுதியில் எரிசக்தி வேலை என்றால் எண்ணெய் ரிஃபைனரி வேலைதான், அங்கே 2020 டிசம்பரில் ஒன்று தீப்பிடித்து அதன்பின் சுத்திகரிப்பையே விட்டுவிட்டது, இன்னொன்று 2022ல் நின்றது. அண்ணன் மழுப்பவில்லை. 2023ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது சோலாருக்கு ஆள் போதவில்லை, 2024 மார்ச்சுக்குப் பிறகு மாதக்கணக்கில் மின்வெட்டே இல்லாதபோது பேனல் மாட்ட மட்டும் தெரிந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், தன்னிடம் ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வு பாஸ் செய்த தாளும் தொழிலாளர் துறைப் பதிவும் இருந்ததால் வீட்டு வயரிங் பார்த்து, அது சரி என்ற சான்றிதழான சிஓசி கொடுத்தே குடும்பம் ஓடியது என்றார். இந்த ஒரு பதிலை எந்த ஸ்டாலிலும் நான் கேட்டதில்லை. டிவெட்டில் என்சிவி என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் படிப்பில் சேர கிரேட் 9 தேறினாலே போதும் என்பதும் அன்றைக்குத்தான் பல பெற்றோருக்குத் தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ஆள் வந்தால் ஒரே வேலைதான் தெரியும், கட்டுப்பாட்டு அறை, காற்றாலை, அணு எதுவும் அவர் பேச்சில் வராது. அதற்காகவே கிரேட் 11ல் கண்காட்சிக்குக் கூட்டிப்போகலாம், பாடம் சரியாக எடுத்த பிள்ளைக்கு அங்கே பயன் இருக்கிறது. பிசசார் ரோடை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம், அனுமதி கேட்டு எழுத ஆள் வேண்டும்.

எப்படியானாலும் மண்டப நிகழ்ச்சி, கிரேட் 9 பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தாக வேண்டும். இந்தத் தடவை ஒரு பெண் எலெக்ட்ரீஷியனும் வந்தால் நன்றாக இருக்கும், போன முறை கிளாம்ப் மீட்டரை முதலில் கையில் வாங்கிப் பார்த்த நாலு பேரில் மூன்று பேர் பெண் பிள்ளைகள். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கெட்டிலும் வயரும் நான் கொண்டுவருகிறேன்.