சுங்கை சிப்புட்டில் ஆங்கிலம் எங்கே செல்லும், எங்கே செல்லாது

பெற்றோரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தை நம்பித்தான் வருகிறார்கள். பேச்சுக்கு அது போதும், தாளுக்குப் போதாது. 1967-ஆம் ஆண்டு தேசிய மொழிச் சட்டத்துக்குப் பிறகு மலேசியத் தீபகற்பத்தில் அரசாங்கப் பாரம் (படிவம்), கடிதம் எல்லாம் பெரும்பாலும் மலாய்தான். கவுண்டரில் இருப்பவர் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் சொல்வார், நீட்டுகிற பாரம் மலாயில் இருக்கும். 'காக், போலே தோலோங்?' (அக்கா, உதவ முடியுமா?) என்று மலாயில் ஆரம்பித்துப் பாருங்கள், பாதி வேலை நடந்துவிடும்.

அரசாங்க கிளினிக்கில் இது நன்றாகத் தெரியும். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), ஐசியை, அதாவது அடையாள அட்டையை, காட்ட வேண்டும். பதிவு மலாயில் நடக்கும். டாக்டர் கார்டில் குறிப்பதும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதும் ஆங்கிலத்தில். இதை வசதி என்றுதான் சொல்ல வேண்டும்: அந்தக் கடிதத்தைப் போட்டோ பிடித்து அனுப்பினால் மெல்பர்னில் இருக்கும் மகள் அங்குள்ள டாக்டரிடம் அப்படியே காட்டலாம்.

சிக்கல் மருந்துப் பையில். அதில் மலாயில் 'செபெலும் மாக்கான்' என்றோ 'செலெபாஸ் மாக்கான்' என்றோ இருக்கும். முதலாவது சாப்பாட்டுக்கு முன், இரண்டாவது பின். பேச்சு மலாய் சரளமாக வரும் பாட்டிக்கும் கண் மங்கிய வயதில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சர்க்கரை மாத்திரையில் அந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. மருந்து வாங்கிய இடத்திலேயே கேட்டு, மார்க்கர் பேனாவால் பையில் தமிழில் 'முன்', 'பின்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் 2003-க்குப் பிறகு தமிழ்ப்பள்ளியில் படித்த தம்பி தங்கைகளைக் கூப்பிடுங்கள். அந்த ஆண்டுதான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, 2009-இல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். கொள்கையைப் பற்றி ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் டாக்டர் சொல்வதையும் பாரத்தையும் பாட்டி கேட்பதையும் ஒரே மூச்சில் சமாளிப்பது இந்தப் பிள்ளைகள்தான்.

தனியார் பக்கம் நேர்மாறு. இன்சூரன்ஸ், கடன் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன, ஏஜெண்ட் தமிழில் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவார். சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று படித்துப் பாருங்கள். ஊருக்கு வந்த பிள்ளையின் ஆங்கிலம் உண்மையில் பயன்படுவது இங்கேதான்.

பெயர் விவகாரம் பழையது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியது பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் ஐசியில் வேறு மாதிரியும் நிற்கும். முனியாண்டியின் கடைசி எழுத்து ஒன்றில் 'ஐ', மற்றதில் 'ஒய்'. ஈபிஎஃப் (சேமநிதி) பணம், நிலம், பென்ஷன் எல்லாம் இதில் மாட்டும். பிறப்புப் பத்திரத்தோடும் ஐசியோடும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் (கமிஷனர் ஃபார் ஓத்ஸ்) போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று 1960-ஆம் ஆண்டு சட்டபூர்வ உறுதிமொழிச் சட்டப்படி உறுதிமொழிக் கடிதம் வாங்குங்கள். மலாயிலேயே எழுதச் சொல்லுங்கள், அரசாங்க அலுவலகத்தில் மறுபேச்சு இருக்காது.

வீட்டு நிலத்தை மாற்ற வெளிநாட்டிலிருந்தே ஒருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால், நோட்டரி முன்போ மலேசியத் தூதரகத்திலோ கையெழுத்திட வேண்டும். அதை மலேசிய உயர்நீதிமன்றத்தில் பதிய வேண்டும், அதன் பிறகு நில அலுவலகத்திலும் ஒரு நகல் சேர வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவதால்தான் நிலத்தைப் பெயர் மாற்றும் 14ஏ பாரம் திரும்பி வருகிறது.