‘70 ஆல் இன், கேன்?’ என்று வந்தால் என்ன பதில் போடுவது

போன வருடம் எங்கள் வீட்டு மேசைக் கிரைண்டரை, பழைய பொருள்களை வாங்கி விற்கிற கெரோசல் செயலியில் விற்பனைக்குப் போட்டேன். கோயம்புத்தூரில் வாங்கி வந்தது. இங்கே சிங்கப்பூரில் உள்ள மூன்று சதுரக் கால் பிளக்கை மாட்டி ஐந்து வருடம் ஓட்டியிருந்தோம். கூடவே தேங்காய்த் துருவியும் மாவு பிசைகிற கத்தியும் இருந்தன. விலை 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அன்றிரவே ஒரு செய்தி வந்தது: ‘70 ஆல் இன், கேன்?’ அதாவது எல்லாம் சேர்த்து 70, சரியா என்று. துருவி, கத்தி எல்லாம் சேர்த்துக் கேட்கிறார் என்று நினைத்து ‘ஓகே’ போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஈசூனில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் டிராலியில் கிரைண்டரைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றேன். 10.20க்கு அவரிடமிருந்து கேள்வி: ‘எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க?’ அவர் ஜூரோங் வெஸ்ட்டில் தன் வீட்டில் காத்திருக்கிறார். அவருடைய கணக்கில் ‘ஆல் இன்’ என்றால் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதும் சேர்த்து. அவரும் ஏமாற்றவில்லை, நானும் ஏமாற்றவில்லை. ஆளுக்கு ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இப்படிப் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் வருகிற விலைக்கு விற்பவர்கள் பொதுவாக நான்கு விதமாகப் பதில் போடுகிறோம். நான்கையும் மாறி மாறிப் பார்த்த பிறகு எனக்கென்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது.

பெரும்பாலானோர் செய்வது திருப்பிக் கேட்பது. ‘நீங்க எவ்வளவு தருவீங்க?’ ‘டெலிவரியும் சேர்த்தா?’ கேட்பதில் தவறே இல்லை. ‘பெஸ்ட் பிரைஸ்?’ என்று மட்டும் எழுதி, எண்ணே சொல்லாதவரிடம் வேறு என்னதான் கேட்பது? ஆனால் தேக்கா சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவது மாதிரி இது நடக்காது. அங்கே பொருள் கண்முன்னால் இருக்கிறது, முகம் தெரிகிறது, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். செய்தியில் ஒரு கேள்விக்குப் பதில் வர அரை நாள் ஆகலாம். விலையைக் கேட்டு, டெலிவரியைக் கேட்டு, எந்த நாள் என்று கேட்பதற்குள் ஆள் வேறொரு கிரைண்டரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இன்னொன்று: ‘எவ்வளவு தருவீங்க’ என்று நாமே கேட்டுவிட்டால் 90 என்று போட்ட விலை அங்கேயே விழுந்துவிடுகிறது. 40 என்று பதில் வந்தால் அவர்மேல் கோபப்பட நியாயம் இல்லை.

இரண்டாவது வழி, நாம் புரிந்துகொண்டதை முழு வாக்கியமாக எழுதி அவர்முன் வைப்பது. இன்ன பொருள், எத்தனை, மொத்தம் இவ்வளவு, எங்கே எடுத்துக்கொள்வது, எப்போது, பணம் எப்படி, எல்லாம் ஒரே செய்தியில். ‘கிரைண்டர், துருவி, கத்தி மூன்றும் சேர்த்து 75 வெள்ளி. ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஞாயிறு மாலை 4 மணிக்கு நீங்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டிப் பார்த்துவிட்டு பேநவ் செய்யலாம். சம்மதமா?’ (பேநவ் என்பது கைபேசியிலிருந்தே வங்கிப் பணத்தை உடனே அனுப்பும் வசதி.) இதற்கு ஆம், இல்லை என்று சொல்லலாம், அல்லது ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்கலாம். எதைச் சொன்னாலும் பேச்சு ஒரு படி நகரும்.

எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. நேரம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டுமல்ல. தெளிவில்லாமல் எழுதுகிறவர்களில் பலர் தயங்கி எழுதுகிறவர்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள். முழு வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் அவர்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒரு தம்பி என் மகனின் பழைய சைக்கிளுக்கு ‘ஒன்னரைக்குத் தர்றீங்களா அக்கா, சண்டே’ என்று கேட்டார். ஒன்னரை என்றால் 150, அது நமக்குத் தெரியும். ஆனால் எந்த ஞாயிறு, எங்கே என்பது இல்லை. ‘150 வெள்ளி, இந்த ஞாயிறு மதியம் 2 மணி, லிட்டில் இந்தியா எம்ஆர்டி, நானே கொண்டுவருகிறேன்’ என்று எழுதினேன். ‘சரிக்கா’ என்று ஒரு வார்த்தைதான் பதில். அன்று 2 மணிக்கு முன்னமே வந்து நின்றிருந்தார்.

குறையும் உண்டு. நம் எண்ணை நாம் முதலில் சொல்லிவிடுகிறோம். அதனால் மனதில் 70 இருந்தால் 75 என்று எழுதுவதே நல்லது, இறங்கி வர இடம் வேண்டும். அப்புறம், 5 வெள்ளி பாத்திரத்துக்கு இவ்வளவு நீளம் எழுதுவது அதிகப்படி.

மூன்றாவது, கெரோசலில் விலை கேட்கிற பொத்தானுக்கே விட்டுவிடுவது. ‘உங்கள் விலையை அதில் போடுங்கள்’ என்று மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு திட்டமான எண் கிடைக்கும், அது பெரிய லாபம். ஆனால் எண் மட்டும்தான் கிடைக்கும். நாற்காலி ஒன்று 15 வெள்ளி என்று நான்கைப் போட்டிருக்கும்போது 40 என்று வந்தால் அது நான்குக்கா மூன்றுக்கா? மறுபடி முதல் வழிக்கே போக வேண்டியிருக்கும். (விளம்பரத்தில் ‘ஒன்றுக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டால் குழப்பத்தை நாமே தொடங்கி வைத்த மாதிரி.)

விரல் தவறி 80க்குப் பதில் 800 என்றும் வரலாம். அதைப் பிடித்துக்கொள்ளலாமா? கூடாது. 2003இல் சிங்கப்பூரில் ஒரு இணையக் கடை 3,854 வெள்ளி லேசர் பிரிண்டரைத் தவறுதலாக 66 வெள்ளி என்று போட்டுவிட்டது. 6 பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள், பிறகு வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. விலை தவறு என்று தெரிந்துகொண்டே பற்றிக்கொண்ட ஒப்பந்தம் நிற்காது. அங்கே தவறியது விற்றவர், இங்கே வாங்குபவர் தவறினாலும் நியாயம் அதேதான். ‘80ஆ, 800ஆ?’ என்று கேட்டுவிடுவதுதான் முறை.

நான்காவது, பதிலே போடாமல் இருப்பது. ஒரே ஒரு இடத்தில் அதை ஆதரிப்பேன். விலையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், ‘ஓகே, பணம் பெற இந்த லிங்கைத் தட்டுங்கள்’ என்று உடனே ஒரு இணைப்பை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பேநவ்வில் பணம் வாங்க எந்த லிங்கையும் தட்ட வேண்டியதில்லை. அங்கே மௌனம் சரி. சந்தேகம் இருந்தால், மோசடியா என்று விசாரிக்க உதவும் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் கேட்கலாம். மற்றவர்களுக்கு, ‘விலை குறையாது, மன்னிக்கவும்’ என்று மூன்று வார்த்தையாவது எழுதலாம்.

கிரைண்டர் கதைக்கு வருகிறேன். ‘ஓகே’ போட்டது நான்தானே, 70ஐ மாற்ற மனம் வரவில்லை. கீழ்த்தளத்தில் நின்றபடியே அந்த ஜூரோங் வெஸ்ட் அண்ணனுக்கு எழுதினேன்: ‘அண்ணே, நான் துருவியும் கத்தியும் சேர்த்து 70 என்று நினைத்துவிட்டேன், டெலிவரி இல்லை. பத்துக் கிலோவுக்கு மேல் எடை, என்னால் அவ்வளவு தூரம் கொண்டுவர முடியாது. நாளை மாலை 4 மணிக்கு ஈசூனில் எங்கள் புளோக்குக்கு வந்தால் அதே 70. வேண்டாம் என்றாலும் பரவாயில்லை.’ அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ‘என் தம்பி வேன் வச்சிருக்கான், கூட்டிட்டு வர்றேன்மா.’

மறுநாள் வந்தார்கள். கீழ்த்தளத்தில் பிளக் இல்லாததால் மேலே வீட்டுக்குக் கூப்பிட்டேன். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கல்லைத் தனியாகக் கழற்றி, கொண்டுவந்திருந்த பழைய கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.