ஸ்டுட்கார்ட்டில் ஒரு நாள்: பென்ஸ் அருங்காட்சியகமா, போர்ஷே அருங்காட்சியகமா?

ஜெர்மனியில் பயணம் செய்யும் கார் ஆர்வலர், ஸ்டுட்கார்ட் நகருக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கியிருந்தால், அங்குள்ள இரு பெரும் அருங்காட்சியகங்களில் எதற்கு முதலிடம் தருவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. 2006-இல் திறக்கப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகம் 16,500 சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 160 வாகனங்களைக் கொண்டது. 2009-இல் சுஃபன்ஹவுசன் பகுதியில் திறக்கப்பட்ட போர்ஷே அருங்காட்சியகத்தில் 5,600 சதுர மீட்டர் பரப்பில் சுமார் 80 வாகனங்கள் உள்ளன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் காரை எப்படிக் காட்ட வேண்டும் என்பதில் இரண்டும் முற்றிலும் வெவ்வேறு கொள்கை உடையவை.

பென்ஸ் அருங்காட்சியகத்தின் பலம் அதன் கட்டடத்திலிருந்தே தொடங்குகிறது. நெதர்லாந்தின் யுஎன்ஸ்டூடியோ வடிவமைத்த இந்தக் கட்டடத்தில், பார்வையாளர் முதலில் மின்தூக்கியில் உச்சித் தளத்துக்குச் சென்று, அங்கு நிற்கும் குதிரைச் சிலையைக் கடந்து, கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியிலிருந்து தொடங்கி, ஒன்றையொன்று பின்னிச் செல்லும் இரு சுருள் பாதைகளின் வழியே கீழே இறங்கி வருகிறார். ஒரு பாதை காலவரிசையில் வரலாற்றைச் சொல்ல, மற்றொன்று பேருந்து, லாரி, தீயணைப்பு வண்டி, புகழ்பெற்றவர்கள் பயன்படுத்திய கார்கள் என்று வகைவகையாகக் காட்டுகிறது. எந்தத் தளத்திலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். கார் மட்டுமே பார்க்க வந்தவர்கள் பலரும் லாரிக் கூடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். டாட்டா நிறுவனம் 1954-இல், மெர்சிடிஸ்-பென்ஸ் வாகனங்களைத் தயாரித்த டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியதையும், நம் நெடுஞ்சாலைகளில் நெடுங்காலம் ஓடிய ‘பென்ஸ் லாரி’களையும் அறிந்தவர்கள் அங்குச் சற்று நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

அடித்தளத்தை நெருங்கும்போது வரும் பந்தயக் கூடம்தான் இந்த அருங்காட்சியகத்தின் உச்சம். சாய்ந்த பந்தயப் பாதையைப் போன்ற மேடையில், வெள்ளி அம்புகள் எனப்படும் மெர்சிடிஸின் வெள்ளிநிறப் பந்தயக் கார்கள் தலைமுறை வாரியாக நிறுத்தப்பட்டுள்ளன. 1955-இல் இரண்டே இரண்டு மட்டும் கட்டப்பட்ட 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூபேயில் ஒன்று 2022-இல் இதே கட்டடத்தில் நடந்த ஏலத்தில் 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. அதுவரை எந்தக் காரும் அந்த விலையை எட்டியதில்லை. எனினும், இங்குக் கார் பெரும்பாலும் காலத்தின் சாட்சியாகவே நிற்கிறது. என்ஜினும் சஸ்பென்ஷனும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய விரும்புபவருக்கு, இவ்வளவு பெரிய கூடங்களிலும் ஓரளவு பசி மிஞ்சும்.

அந்தப் பசியைத் தீர்ப்பது போர்ஷே. மூன்று தூண்களின் மேல் மிதப்பதுபோல் நிற்கும் இந்த வெண்ணிறக் கட்டடத்தில், 1939-இல் உருவான டைப் 64 பந்தயக் காரின் உடற்கூடு முதல், ஆஸ்திரியாவின் க்முண்ட் ஊரில் 1948-இல் கட்டப்பட்ட, போர்ஷே பெயர் தாங்கிய முதல் காரான 356 எண் 1, பிரான்சின் 24 மணி நேர லெ மான்ஸ் பந்தயத்தில் 1970-இல் நிறுவனத்துக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தேடித்தந்த 917 கார் வரை, எடை குறைப்பு, காற்றோட்டம், வேகம் என்னும் சில எண்ணங்களே இழையாக ஓடுகின்றன. 956 பந்தயக் கார் ஒன்று கூரையில் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் செல்லும்போது காற்று அதைச் சாலையோடு அழுத்தும் விசை காரின் எடையையே விஞ்சிவிடும் என்பதை, ஒரு சமன்பாடும் எழுதாமல் இது புரியவைக்கிறது. போர்ஷேயின் புகழ்பெற்ற 911 காரின் தலைமுறைகளை அடுத்தடுத்துப் பார்த்து, 1963-இல் வரையப்பட்ட அதே கூரைக்கோடு எங்கெங்கே சற்றே நெளிந்திருக்கிறது என்று தேடுவது தனி இன்பம். மேலும், இங்குள்ள கார்கள் பந்தயங்களுக்கும் விழாக்களுக்கும் வெளியே எடுத்துச் சென்று ஓட்டப்படுகின்றன; அவற்றைப் பராமரிக்கும் பட்டறையையும் கண்ணாடி வழியே பார்க்கலாம். குறை என்றால், 1948-க்கு முந்தைய காலம் ஒரு முன்னுரை அளவிலேயே முடிந்துவிடுகிறது.

இரு நிறுவனங்களும் போட்டியாளர்கள் என்றாலும், அவற்றின் வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. போர்ஷே நிறுவனத்தைத் தோற்றுவித்த ஃபெர்டினாண்ட் போர்ஷே, 1923 முதல் 1928 வரை, 1926-இல் பென்ஸுடன் இணைந்த டைம்லர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் கொண்ட எஸ்எஸ்கே போன்ற மெர்சிடிஸ் கார்கள் அவர் வழிவந்தவை. 1990 முதல் 1995 வரை தயாரான பென்ஸ் 500 ஈ, சுஃபன்ஹவுசனில் போர்ஷேயின் ஆலையிலேயே பொருத்தப்பட்டது. இதை அறிந்து செல்பவருக்கு, ஒரு கட்டடத்தில் விட்ட கதை மற்றதில் தொடர்வது புலப்படும்.

குடும்பத்தோடு செல்பவரும், கார் வரலாற்றை முதன்முறையாக முழுமையாக அறிய விரும்புபவரும் பென்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். அரை நாளாவது தேவைப்படும். அந்த வரலாற்றை ஏற்கெனவே நன்கறிந்து, இரண்டு மணி நேரமே கையில் வைத்திருக்கும் தீவிர ஆர்வலருக்கு என் பரிந்துரை போர்ஷேதான். இரண்டையும் பார்க்க நினைப்பவர் காலையில் எஸ் 1 ரயிலில் நெக்கார்பார்க் நிலையத்தில் இறங்கி பென்ஸையும், பிற்பகலில் எஸ் 6 ரயிலில் நொய்விர்ட்ஸ்ஹவுஸ் நிலையத்தில் இறங்கி, எதிரிலேயே நிற்கும் போர்ஷேயையும் பார்த்துவிடலாம். திங்கட்கிழமைகளில் இரண்டும் மூடப்பட்டிருக்கும்.