காருக்குள் தண்ணீர் கசிவு: ஹோஸ், பவுடர், சோப்பு நுரை, எது கண்டுபிடிக்கும்?

காரின் ஃப்ளோர் மேட்டைத் தூக்கினால் கீழே சொதசொதவென்று ஈரம். உடனே சிலிக்கான் ட்யூபோடு கிளம்பிவிடாதீர்கள், அது மழைத்தண்ணீராகவே இல்லாமல் இருக்கலாம். ஏசி ஓடிய பிறகு மட்டும் முன்பக்கம் நனைந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இரண்டும் இல்லையென்றால்தான் வெளியில் தேட வேண்டும்.

என் ஓட்டு ஹோஸுக்குத்தான். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, இன்னொருவர் வெளியே ஹோஸோடு. பீய்ச்சி அடிக்காமல் மெதுவாக, கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று ஊற்ற வேண்டும், ஏனென்றால் மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடுக்கையும் நனைத்துக்கொண்டே இறங்கி எது குற்றவாளி என்றே தெரியாமல் செய்துவிடும். நேரம் பிடிக்கும். ஆனால் வைப்பருக்குக் கீழே இலை அடைத்துத் தேங்குவதையும், சன்ரூஃப் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து, கூரையைத் தாங்கும் தூண் வழியாக வழிவதையும் இது காட்டிக்கொடுக்கும்.

பவுடர் கதவு, டிக்கி ரப்பர் பீடிங்குக்கு மட்டும். பீடிங்கில் தூவி மூடி வெளியே நனைத்தால், நுழைந்த இடத்தில் கோடு விழுந்திருக்கும். சோப்பு நுரை முறையில் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று எடுக்கும் நிலையில் ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து வெளியே சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓட்டை இருந்தால் குமிழி வரும். முன்கண்ணாடி ஓரத்துக்கு நல்ல முறை. ஆனால் பெரும்பாலான கார்களில் பின்பம்பருக்குள் காற்று வெளியேறும் மடல் இருக்கும், அதை அடைக்காவிட்டால் அழுத்தமே நிற்காது. காதுக்குக் கேட்காத ஒலியை வைத்து ஓட்டை தேடும் அல்ட்ராசோனிக் கருவி வேகமானது, சரி, ஆனால் அதுவும் இடைவெளியைத்தான் சொல்லும். அடைத்த குழாயைப் பற்றி இந்த மூன்றுக்கும் ஒன்றும் தெரியாது.

சரிசெய்வதில் சிலிக்கானா, அடைப்பெடுப்பதா? கதவையே பாருங்கள். கண்ணாடி வழியாக வழியும் மழை கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவே செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் துளையைப் போய் சிலிக்கானால் அடைத்தால் கதவு உள்ளேயே துருப்பிடிக்கும். அங்கே தண்ணீர் காருக்குள் வருவது பெரும்பாலும் உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் பிரிந்ததால்தான், அதைப் பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) மறுபடி ஒட்டினால் முடிந்தது. வினிகர் வாடை வரும் சிலிக்கான் வெறும் தகரத்தை அரிக்கும், பின்னால் அதன்மேல் பெயின்ட்டும் ஒட்டாது. சன்ரூஃப் குழாய்க்கு மெல்லிய நைலான் கம்பி போதும். கம்ப்ரஸர் காற்றை வேகமாக விட்டால் உள்ளே இணைப்பு கழன்று, இருந்த கசிவைவிடப் பெரிய கசிவு வந்து சேரும். நைந்துபோன பீடிங்கை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்ததும் விட்டுவிடாதீர்கள். அடியிலுள்ள ஃபோம் நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், பல கார்களில் ஒயரிங் கனெக்டர்களும் அதற்கடியில்தான். கார்பெட்டைத் தூக்கி முழுவதும் காயவிட்டு, அதைத் திரும்பப் போடும் முன் அதே இடத்தில் இன்னொரு முறை ஹோஸ் வைத்துப் பாருங்கள்.